சதுரத்துக்கு நாற்பத்தெட்டு பேர்

ஆஸ்திரேலியாவில், போர்ட் கெம்ப்ளாவில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், லிடியா காகிதத்தைப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டாள் என்று. ஃப்ரிட்ஜைப் பழுது பார்க்க வந்தவன் அடையாள அட்டையைக் காட்டவில்லை என்பதற்காக அவனை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியவள் நான். பால் மூன்று நாள் கெட்டுப் போனாலும் போகட்டும், அட்டை அட்டைதான். அப்படிப்பட்டவள், கட்டிய கணவனின் உயிர் விஷயத்தில் இரண்டு தடவை காகிதம் கேட்காமல் விட்டேன். ஸ்டோயன் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. ஏன் கேட்கவில்லை என்பதை யாரிடமாவது முழுசாகச் சொல்லிவிடலாம் என்று இப்போதுதான் மனசு வந்திருக்கிறது.

ஊரில் ஒரு ஆஸ்பத்திரியின் திசு ஆய்வுக்கூடத்தில் இருபத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். அறுவை அரங்கிலிருந்து டப்பாவில் வரும் சதைத் துண்டை மெழுகில் புதைத்து, தாளைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிச் சாயம் ஏற்றுவோம். டாக்டர் அதை நுண்ணோக்கியில் பார்த்து இன்ன நோய் என்று எழுதுவார். எங்கள் டாக்டர் பிலிப்பா கெய்ன். எல்லோருக்கும் பிப். என்னைவிட இருபது வயது சின்னவர். ஆனால் தப்பை மோப்பம் பிடிப்பதில் எனக்கு அக்கா.

பிப் ஒரு ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. வெட்டி எடுத்தாலும் சிலருக்குத் திரும்பத் திரும்ப வரும். சிலருக்கு வரவே வராது. ஏன்? கட்டிக்குள்ளேயே நம் உடம்பின் எதிர்ப்பு செல்கள் புகுந்து நிற்பதைப் பார்க்க முடியும். அவை கூட்டமாக நின்றவர்களுக்கு நோய் திரும்புவது குறைகிறதா? இதுதான் பிப்பின் கேள்வி. எதிர்ப்பு செல்களில் புற்றைக் கொல்லும் வகை மட்டும் பழுப்பாகத் தெரியும்படி சாயம் ஏற்றுவோம். ஸ்லைடில் பத்துச் சதுரம் பார்த்து, பழுப்புப் புள்ளிகளை எண்ணி எழுத வேண்டும். எண்ணியது நான். கையில் கிளிக்கர், கண் நுண்ணோக்கியில்.

ஸ்லைடில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் பிப்பின் பூட்டிய அலமாரியில் இருந்தது. எண்ணுகிறவளுக்கு ஆள் தெரிந்தால் கண் தன்னிஷ்டத்துக்கு எண்ணும். இதை நானே புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இன்னொரு விதியும் உண்டு. நம் குடும்பத்து ஆளின் சதை வந்தால் நாம் தொடக்கூடாது, பார்க்கவும் கூடாது.

ஸ்டோயனுக்கு அக்டோபரில் முதல் தடவை சிறுநீரில் ரத்தம் வந்தது. எஃகு ஆலையில், நிலக்கரியை வேகவைக்கும் கோக் அடுப்பில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன், போதாததற்கு ஒரு நாளைக்கு ஒரு பெட்டி சிகரெட். அடுப்புப் புகையா, சிகரெட் புகையா என்று சர்ஜனிடம் கேட்டேன். இரண்டும் கை கோத்திருக்கும் என்றார். குழாய் வழியே உள்ளே போய், சூடான கம்பி வளையத்தால் கட்டியைச் சீவி எடுத்தார்கள். முரட்டு வகை, ஆனால் தசைக்குள் இன்னும் இறங்கவில்லை.

அந்தச் சதை எங்கள் கூடத்துக்குத்தான் வந்தது. மேசையில் டப்பா இருந்தது, ஒட்டியிருந்த சீட்டில் அவன் பெயர். அந்தப் பக்கமே போயிருக்கக் கூடாது. போனேன். தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். மூன்று துண்டு. இரண்டு நொறுங்கியிருந்தது, ஒன்று மட்டும் உரித்த இறால் மாதிரி வாலோடு சுருண்டிருந்தது. ஒரே தெருவில் வளர்ந்து, பத்தொன்பது வயதில் நான் கட்டிக்கொண்ட ஆளின் உள்ளே இருந்த சதை அது. டப்பாவை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன்.

அப்புறம் மருந்து. குழந்தை பிறந்ததும் காசநோய் வராமலிருக்கக் கையில் குத்துவார்களே, அதே பி.சி.ஜி. அதைக் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விட்டு, எதிர்ப்பு செல்களை உசுப்பேற்றுவது. வாரம் ஒரு தடவை, ஆறு வாரம். மருந்து எல்லாப் பக்கமும் படும்படி வீட்டில் கால் மணிக்கு ஒரு தரம் புரண்டு படுக்க வேண்டும். நான் கடிகாரத்தோடு கட்டிலருகே உட்கார்ந்து அவனைப் புரட்டுவேன். அடுப்பில் குடைமிளகாயைப் புரட்டிச் சுடுகிற மாதிரி என்னைச் சுடுகிறாள் என்று தொலைபேசியில் தம்பியிடம் புகார் சொன்னான். ஒவ்வொரு தரம் சிறுநீர் போனதும் கழிவறையில் பிளீச் ஊற்ற வேண்டும். வீடு முழுக்க நீச்சல் குளத்து வாடை.

ஆறு வாரமும் முனகாமல் தாங்கினான். அவனால் தாங்க முடியாதது கேமராதான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குழாய்க்குள் கேமராவை விட்டுப் பார்ப்பார்கள். ஜனவரியில் முதல் சோதனை, ஒன்றுமில்லை என்று காகிதம் வந்தது. ஆனால் மூன்று நாள் எரிச்சலில் துடித்தான். வலியைவிட வெட்கம்தான் அவனைத் தின்றது. கால் இரண்டையும் விரித்து வைத்து, மேலே இளம் நர்ஸ்கள் வானிலை பேசிக்கொண்டிருக்க, படுத்திருப்பது. இனி ஆயுசு முழுக்க இப்படியா என்று கேட்டான். ஆமாம் என்றேன். இந்த நோயில் கேமராதான் காவல். கண் மூடினால் போச்சு. அதை அவனுக்கு நான்தான் சொன்னேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அவனும் பிப்பின் ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தான். ஆகவே நூற்றிருபது ஸ்லைடில் ஒன்று அவனுடையது என்பது எனக்குத் தெரியும். பிப்பிடம் போய், என் கணவர் சதையும் இதில் இருக்கிறது, நான் எண்ணக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். எண்தானே, யாரென்று தெரியவா போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எனக்கு அவனைத் தேட வேண்டியிருந்தது.

பிப்ரவரி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. அறுபத்தொன்றாம் ஸ்லைடை வைத்துக் குவியத்தைத் திருப்பினேன். இறால். வாலோடு சுருண்ட இறால். பெரிதாக்கினேன். பழுப்புப் புள்ளிகள் ஒன்றல்ல, இரண்டல்ல. திருவிழாக் கூட்டம். கட்டியின் உள்ளே, ஓரத்தில், சந்து பொந்தெல்லாம். கிளிக்கரை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வலித்தது. சதுரத்துக்கு நாற்பத்தெட்டு. அவ்வளவு நாள் நான் எண்ணியதிலேயே அதிகம். சந்தோஷத்தில் கண் மங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தை நான் மறுக்கப் போவதில்லை.

மறுநாள் சனிக்கிழமை, அய்வார் போடும் நாள். வருடா வருடம் அந்தச் சமயத்தில் எங்கள் தெருவில் எங்களைப் போன்ற மாசிடோனியர் வீட்டு கராஜ் எல்லாம் திறந்து கிடக்கும். பீப்பாய் அடுப்பில் சிவப்புக் குடைமிளகாயை மூட்டை மூட்டையாகச் சுட்டு, தோலுரித்து, அரைத்து, குளிர்காலத்துக்கு ஜாடியில் அடைப்போம். ஸ்டோயன் அடுப்பில், நான் தோலுரிப்பில். விரலெல்லாம் சிவப்பாக இருக்கும்போதுதான் சொன்னேன்.

"உன் ஆளுங்கள நேத்து பாத்தேன்."

"எந்த ஆளுங்க?"

"உள்ள உனக்காகச் சண்ட போடுறவங்க. யார்கிட்டயும் சொல்லாத, எனக்கு வேல போயிடும்."

இடுக்கியைக் கீழே வைத்தான். "ஷிஃப்டுக்கு எத்தன பேரு?"

"சதுரத்துக்கு நாப்பத்தெட்டு."

"அடேங்கப்பா. எங்க அடுப்புலயே அவ்ளோ பேர ஒண்ணா பாத்ததில்ல, லிடே." பிறகு சிரித்துவிட்டுச் சொன்னான், "யூனியன்ல சேந்துட்டானுங்களான்னு கேளு."

அவன் சிரித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. இதெல்லாம் இன்னும் வெறும் கேள்விதான், பதில் வர இரண்டு வருடம் ஆகும் என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. அவன் சிரிப்பைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். பிப்பின் கேள்வியை எடுத்து என் புருஷனுக்குப் பதிலாகக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவன் ஆளே மாறிவிட்டான். நாற்பத்தெட்டு பேர் என்ற பேச்சு வீட்டில் ஒரு வாடிக்கை ஆனது. இரண்டாவது தட்டு சூப் ஊற்றினால், உள்ளே நாற்பத்தெட்டு வாய் இருக்கிறது என்பான்.

ஏப்ரலில் கேமரா நாள். காலையில் பையோடு கிளம்பினான், நான் வேலைக்குப் போனேன். மாலையில் வந்து, எல்லாம் சுத்தம் என்றான். காகிதம் தபாலில் வரும் என்றான். இரண்டு நாள் கழித்து, எரியவில்லையா என்று கேட்டேன். இந்தத் தடவை நல்ல நர்ஸ் என்றான். ஜூலையிலும் அப்படியே. அன்று அவன் சட்டையில் மீன் இரையின் வாடை அடித்தது. திரும்பும் வழியில் கடலோரம் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன் என்றான். அடையாள அட்டை கேட்டு மனிதரை விரட்டுகிறவள், அவனிடம் ஒரு காகிதம் கேட்கவில்லை. காகிதம் எதற்கு? என் கண்ணாலேயே எண்ணியிருக்கிறேனே என்ற திமிர்.

செப்டம்பரில் ஒரு காலை கழிவறையிலிருந்து கூப்பிட்டான். குரலிலேயே தெரிந்தது. போய்ப் பார்த்தேன். பீட்ரூட் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது.

"ஏப்ரல்ல நான் போகல," என்றான். "ஜூலைலயும் போகல."

"எங்க போன?"

"துறைமுகத்துக் கல்லு மேல. மீன் பிடிக்க."

தூண்டில் பெட்டியைக் கொண்டுவந்து திறந்து காட்டினான். ஈயக்குண்டுகளுக்கு அடியில் ஆஸ்பத்திரிக் கடிதங்கள் நான்கு, மடிப்புக் கலையாமல் இருந்தன. தொலைபேசியில் கூப்பிட்டவர்களிடம், சிட்னியில் வேறு டாக்டரிடம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். ஏன் இப்படிச் செய்தாய் என்று கத்தினேன். அவன் கத்தவில்லை.

"நீதான சொன்ன, நாப்பத்தெட்டு பேரு இருக்காங்கன்னு. அப்புறம் அந்தக் குழா எதுக்குன்னு நெனச்சேன்."

என்னைக் குற்றம் சொல்ல அவன் அதைச் சொல்லவில்லை. கேட்டதற்குக் காரணம் சொன்னான், அவ்வளவுதான். அதனாலேயே அது இன்னும் என்னுள் கிடக்கிறது.

இந்தத் தடவை தசைக்குள் இறங்கியிருந்தது. சிறுநீர்ப்பையை முழுசாக எடுத்துவிட வேண்டும், வயிற்றில் துளை போட்டு வெளியே பை மாட்ட வேண்டும் என்றார் சர்ஜன். ஏப்ரலிலேயே பார்த்திருந்தால் என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அறுவைக்கு இரண்டு நாள் முன்பு பிப்பின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். டப்பாவைப் பார்த்ததிலிருந்து மிளகாய் சுட்டது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அறுபத்தொன்றாம் ஸ்லைடை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுங்கள், அதை நான் ஆள் தெரிந்து எண்ணினேன் என்றேன். பிப் எழுந்து அலமாரியைத் திறந்து பட்டியலை எடுத்தார். ஒரு தாளால் மற்ற வரிகளை மறைத்துக்கொண்டு விரலை இறக்கிக்கொண்டே வந்தார். விரல் பாதியிலேயே நின்றது.

"லிடியா, உக்காருங்க."

"சொல்லுங்க."

"அறுபத்தொண்ணு ஸ்டோயன் இல்ல."

இறால் மாதிரி சுருண்டிருந்ததே என்றேன். பைத்தியக்காரி மாதிரி அதையே இரண்டு தடவை சொன்னேன். பிப் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை.

"சூட்டுக் கம்பியில சீவுனா எல்லாத் துண்டும் அப்படித்தான சுருளும். இது உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். இருபத்தொன்பது வருடத்தில் ஆயிரம் இறால் பார்த்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம், சுருளைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது கம்பியின் சூடு என்று சொல்கிறவளே நான்தான். வேறு யாராவது இந்தத் தப்பைச் செய்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன்.

"அவரோடது எது?" என்று கேட்டேன். சொல்லத் தயங்கினார். எப்படியும் அவர் எண்ணை நீக்கத்தானே போகிறீர்கள் என்றேன்.

"முப்பத்தி நாலு."

எண்ணிக்கைத் தாள்களை நானே எடுத்தேன். முப்பத்து நான்கு. என் கையெழுத்து. ஒன்று, பூஜ்யம், இரண்டு, பூஜ்யம், பூஜ்யம், மூன்று, ஒன்று, பூஜ்யம், இரண்டு, பூஜ்யம். பத்துச் சதுரத்துக்கும் சேர்த்து ஒன்பது. மேலே நேரம் எழுதியிருந்தேன், பன்னிரண்டு ஐம்பது. எனக்கு அந்த ஸ்லைடு ஞாபகம் இருந்தது. வெறிச்சென்று இருந்தது. சீக்கிரம் முடிந்தது. பாவம், யார் பெத்த பிள்ளையோ என்று பக்கத்து மேசைக்காரியிடம் சொல்லிவிட்டு, கை கழுவி, பாலாடைக்கட்டி அடைத்த பூரெக் பலகாரத்தைச் சூடு பண்ணித் தின்னப் போனேன். அன்று பசி அதிகம், இரண்டு துண்டு தின்றேன்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எண்ணும் வேலையிலிருந்து எடுத்து மெழுகு சீவும் மேசைக்கு மாற்றினார்கள். நியாயம்தான். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

அறுவைக்குப் பின் ஸ்டோயன் எட்டு மாதம் இருந்தான். நிணநீர்க் கட்டிகளில் ஏற்கெனவே பரவியிருந்தது. பைக்குப் பழகிக்கொண்டான். துறைமுகத்துக்கு இரண்டு தடவை கூட்டிப்போனேன். இந்த எட்டு மாதத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. அறுவைக்கு முந்தின நாள் பிற்பகல் வார்டில் நடந்ததை மட்டும் எழுதிவிடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். கோக் அடுப்பை ஆறவிடக் கூடாது. ஆறினால் உள்ளே செங்கல் வெடித்துவிடும். வருடத்தில் ஒரு நாள்கூட நிறுத்த முடியாது. டிசம்பர் இருபத்தைந்து அன்று ஊரே விடுமுறையில் இருக்கும். பழைய நாட்காட்டிப்படி எங்கள் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழு என்பதால் மாசிடோனியர்கள் சிலர்தான் அந்த ஷிஃப்டை எடுத்துக்கொள்வார்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், ஒரு அடுப்பு வரிசை முழுவதையும் காலையிலிருந்து மாலை வரை ஓட்டுவார்கள். ஸ்டோயன் பத்தொன்பது கிறிஸ்துமஸ் ஓட்டியிருக்கிறான். அவன் வாழ்நாளில் பெருமையாகச் சொல்லிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

அன்று அவன் கட்டிலில் சாய்ந்து ஜன்னல் வழியே ஆலையின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அறுபத்தொன்று அவனில்லை என்றேன். யாரோ ஒருவனின் ஆட்களைக் காட்டி உன்னை ஏமாற்றிவிட்டேன் என்றேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

புகைபோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்.

"அப்போ என் ஷிஃப்டுல நெசமா எத்தன பேரு?"

பொய் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

"பத்து சதுரத்துக்கும் சேத்து ஒம்போது பேரு."

அவன் உதடு அசைந்தது. ஒன்பது பேரையும் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்க்கிறவன் போலிருந்தது.

"ஒம்போது பேரு," என்றான். "கிறிஸ்துமஸ் ஷிஃப்ட்."

"என்ன மன்னிச்சிடு, ஸ்டோயன்."

"நீ அவங்கள எண்ணும்போது என்ன சொன்ன?"

"பாவம்னு சொன்னேன்."

தலையை ஆட்டினான். என் கையை எடுத்து, நாளை வெட்டப் போகிற இடத்தில், அடிவயிற்றின் மேல் வைத்துக்கொண்டான்.

"பாவம்னு சொல்லாத, லிடே. வராதவங்கதான் நெறய பேரு. இவனுங்க வேலைக்கு வந்தானுங்க."